முதல் நாள் குழந்தை

மழை ஒன்பது நாளாக விடவில்லை. சிலைப் பட்டறையில் வார்த்து வைத்த எதுவும் காயவில்லை. பிளாஸ்டர் இறுகுவது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், காய்வதுதான் பெரும்பாடு. அலமாரியில் வரிசையாக நின்ற பதினோரு அந்தோணியார்களும் தொட்டால் சில்லென்று இருந்தார்கள். மேசை விசிறி ஒன்று அவர்களைப் பார்த்து இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அச்சுக்காரரின் வீடு என்பது பட்டறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள். நடுவே கதவு கிடையாது, ஒரு பிளாஸ்டிக் திரைதான். திரையைத் தாண்டி வெள்ளைத் தூள் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தூளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. தலையணை உறை, டீ டம்ளரின் விளிம்பு, மகளின் புருவம் என்று அது நினைத்த இடத்தில் உட்கார்ந்தது. அவர் உருவம் செய்து அச்செடுத்து வார்ப்பார். மகள் வண்ணம் பூசுவாள்; கண் எழுதுவது முழுக்க அவள் பொறுப்பு. அவர் மனைவிக்குப் பட்டறையில் வேலை இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடமாக ஆயாவாக இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் வார்டக்கா.

மாதா கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் கேட்ட வேலைதான் இப்போது மேசைமேல் இருந்தது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில் வருடம் முழுக்க வைத்திருக்க ஒரு குழந்தை இயேசு வேண்டும். "பிறந்த அன்னைக்கு எப்படி இருந்திருப்பாரோ, அப்படி," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடவுள் மனிதரானார் என்று ஞாயிறுதோறும் வாயால் சொல்கிறோம், கண்ணால் ஒருதரம் பார்க்கட்டும் என்பது அவர் நினைப்பு.

அச்சுக்காரரிடம் குழந்தை இயேசுவுக்குப் பழைய அச்சு ஒன்று இருந்தது. சுருட்டை முடி, கொழுத்த கன்னம், ஆசீர்வதிக்க உயர்ந்த வலது கை. அதைப் பார்த்து அளவைச் சின்னதாக்கிக் களிமண்ணில் இரண்டு தரம் செய்துவிட்டார். இரண்டும் அவருக்கே பிடிக்கவில்லை.

வேலை முடிந்து வந்த வார்டக்கா ஈரக் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மேசையைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன வயசு?"

"பொறந்த குழந்தைம்மா," என்றார் அச்சுக்காரர்.

"ஒன்றரை வயசு இருக்கும். வாயைத் திறந்தா நாலு பல்லு தெரியும். பொறந்த அன்னைக்கே கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுதா? கை விரிஞ்சா திரும்ப மடக்கத் தெரியாம அழும், அந்த வயசுல."

"அப்போ நீயே செய்."

அவர் கேலியாகத்தான் சொன்னார். வார்டக்கா கை கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது.

முதலில் அவர் முகத்தைத் தொடவே இல்லை. களிமண்ணை உருட்டி, தன் கையில் உள்ளங்கை முதல் முழங்கைவரை படுக்கவைத்து நீளம் பார்த்தார். "இன்னும் ரெண்டு விரக்கடை வேணும்," என்று கூட்டினார். பிறகு கால்களைத் தவளைபோல மடக்கி வயிற்றோடு சேர்த்தார். கைகளை மூடினார்; கட்டை விரலை உள்ளே வைத்து மூடினார். தலையின் பின்புறத்தை லேசாக நீட்டி இழுத்தார்.

"மண்டை ஏன்மா கோணலா இருக்கு?" என்றாள் மகள்.

"வழி சின்னது. வந்தவருக்குத் தலை பெருசு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

காது மடல் ஒன்று மடிந்திருந்தது. இமைகள் வீங்கியிருந்தன. மணிக்கட்டில், தண்ணீரில் ஊறிய விரல்போல் சுருக்கங்கள் வந்தன. நகங்கள் விரலைத் தாண்டி வளர்ந்திருந்தன. தேக்கரண்டிக் காம்பும் ஒரு கொண்டை ஊசியும்தான் அவர் எடுத்த கருவிகள். நாலு சாயங்காலம் இப்படிப் போயின. அச்சுக்காரர் பக்கத்தில் நின்று ஈரத்துணி பிழிந்து கொடுத்தார். கடைசியாக வயிற்றின் நடுவில் தொப்புள்கொடியின் துண்டை வைத்து, அதன் முனையில் வழக்கமாக மாட்டுவதையும் மாட்டியபிறகு வார்டக்கா நிமிர்ந்து முதுகை நெளித்தார்.

"இப்ப குழந்தை," என்றார்.

அச்செடுப்பது அச்சுக்காரரின் பாடாகப் போனது. அச்சு ஒழுங்காகக் கழன்று வர வேண்டுமென்றால் உருவத்தில் எங்கும் சிக்கக்கூடாது. மடிந்த காலுக்குக் கீழே சிக்கியது, மூடிய கைக்குள் சிக்கியது, கொடிக்கு அடியில் சிக்கியது. சிக்குமிடத்துக்கெல்லாம் தனித் துண்டு போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கடைசியில் பதினேழு துண்டுகளில் அந்த அச்சு முடிந்தது. அவர் வாழ்க்கையிலேயே அதிகம் அதுதான். "ஒரு முழ ஆளுக்குப் பதினேழு துண்டு," என்று முனகினார். முனகலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் வார்த்து, அடுப்பருகே வைத்துக் காயவைத்தபின், மகள் சிவப்பும் மஞ்சளுமாகத் தோல் நிறம் ஏற்றினாள். தோளில் மெல்லிய மயிருக்குத் தூரிகை நுனியால் புகைபோல ஒரு கோடு. வயிற்றுக்கு வந்ததும் கொடி முனையில் மாட்டியிருந்ததைக் காட்டிக் கேட்டாள்:

"இதுக்கு என்ன கலரும்மா?"

"வெள்ளை. தனியார் ஆஸ்பத்திரியிலதான் நீலம்."

மகள் வெள்ளை அடித்தாள். மூன்று பேருக்கும் அதில் எதுவும் உறைக்கவில்லை.

பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஃபாதர், உபதேசியார், கோயில் கமிட்டியின் தலைவியாக இருந்த டாக்டரம்மா. டாக்டரம்மா அதே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். வார்டக்காவை இளம் ஆயாவாக அறிந்தவர். உபதேசியார் முப்பது வருடமாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு ஜெபம் சொல்லக் கற்றுக்கொடுத்தது அவர்தான். வேட்டியில் வெள்ளைத் தூள் பட்டுவிடாமல் ஓரமாகவே நின்றார்.

துணியை விலக்கியதும் ஃபாதர் ஒரு எட்டு முன்னால் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தூங்குற மாதிரி இருக்கு," என்றார் கடைசியில். "சத்தமா பேசவே பயமா இருக்கு."

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வயிற்றருகே குனிந்தார்.

"ஏம்மா, இது என்ன?"

"கிளிப்பு டாக்டரம்மா."

"அது தெரியுது. என்ன கிளிப்பு?"

"கொடியில மாட்டற நம்ம வார்டு கிளிப்புதான். பல்லுகூட எண்ணி வச்சிருக்கேன்."

விசிறி ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் போனது. டாக்டரம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, அந்த மாட்டுத் தொழுவத்துல பிளாஸ்டிக் கிளிப்பை யாரு சப்ளை பண்ணா? நான் படிக்கிற காலத்துலகூட இது கிடையாது. நூல்தான்."

ஃபாதரும் சிரித்துவிட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அச்சுக்காரர் தன் பதினேழு துண்டுகளில் எந்தத் துண்டு அது என்று யோசிப்பவர்போல நின்றார். வார்டக்காவுக்குக் காது சுட்டது. இருபத்திரண்டு வருடத்தில் கிளிப் இல்லாத தொப்புள் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. கண் திறக்காததுபோல, கை மூடியிருப்பதுபோல, கிளிப்பும் குழந்தையோடு வருவது என்றே அவர் கைக்குப் பட்டிருந்தது.

உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன் ஃபாதர், பழைய அச்சே போதும்னு. ஆஸ்பத்திரி சமாச்சாரத்தையெல்லாம் பீடத்துக்கிட்ட கொண்டாந்து வைக்கலாமா? கிளிப்பு மட்டும் இல்ல, அந்தக் கொடியே வேணாம். அவரு சாதாரணக் குழந்தை மாதிரி வந்தவரில்ல. கண்ணாடி வழியா வெளிச்சம் வந்தா கண்ணாடி உடையுதா? அப்படி வந்தவரு. வயிறு வழவழன்னு இருக்கட்டும்."

"அரை மணி நேர வேலைங்க," என்றார் அச்சுக்காரர் அவசரமாக. "உப்புத்தாள் போட்டா தடமே தெரியாது."

"கிளிப்பு என் தப்பு," என்றார் வார்டக்கா. "ஒத்துக்கறேன். கொடி என் தப்பு இல்ல."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஃபாதர் குடையை எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை வரேன்," என்றார். "நானும் கொஞ்சம் யோசிக்கணும்."

அன்றைக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. திரைக்கு இந்தப் பக்கம் மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் மழைச் சத்தம் கூடியும் குறைந்தும் கேட்டது.

"எனக்கு வேலை தர்றது இருபது கோயில்," என்றார் அச்சுக்காரர். "ஒரு கோயில்ல சிரிச்சாங்கன்னா இருபதுலயும் சிரிப்பாங்க. கிளிப்பு அச்சுக்காரன்னு பேரு வரும்."

"நான் தப்பு பண்ணேன், சிரிச்சாங்க. அது அதோட முடிஞ்சுது. அதுக்காக தப்பில்லாததையும் சேர்த்து ஏன் தேய்க்கணும்?"

"அவரு உபதேசியாரு. அவருக்குத் தெரியாதா?"

"அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நாலு."

"நாலையும் நான்தான் துடைச்சுச் சுத்திக் குடுத்தேன். மூஞ்சிய மட்டும் பார்த்துட்டு ஸ்வீட்டு வாங்கப் போனாரு."

மகள் ரொட்டியை வாயில் வைத்தபடி சிரித்தாள். அச்சுக்காரர் சிரிக்கவில்லை.

"நீ ஏன்மா இவ்வளவு பிடிவாதமா இருக்க? ஒரு அங்குலச் சமாச்சாரம்."

வார்டக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வார்டுல எல்லாத்துக்கும் ஏடு இருக்கு. டாக்டர் பேரு எழுதுவாங்க, நர்ஸ் கையெழுத்துப் போடுவாங்க. ரத்தத்தோட வர்றதை வாங்கித் துடைச்சு அம்மா பக்கத்துல போடறவ பேரு எந்த ஏட்டுலயும் கிடையாது. நான் கேட்டதும் இல்ல. இத்தனை வருஷத்துல எனக்குத் தெரிஞ்சதை யாராச்சும் கேட்டாங்களா? இந்த ஒரு தடவைதான் என் கைக்குத் தெரிஞ்சதை ஒரு இடத்துல வச்சிருக்கேன். அதைத் தேய்ச்சுட்டீங்கன்னா அது கடைப் பொம்மை. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

அச்சுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் வார்டக்கா காலை முறைக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது மழை தூறலாகியிருந்தது. பட்டறைக்குள் நுழைந்தபோது அச்சுக்காரர் ஒரு கையில் உப்புத்தாளை மடித்து வைத்துக்கொண்டு, மறு கையால் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தார். வார்ப்புகளை அவர் எப்போதும் தூக்குகிற மாதிரிதான், ஒற்றைக் காலைப் பிடித்து.

"கழுத்து," என்றார் வார்டக்கா.

அந்தக் குரல் வார்டுக் குரல். வெளியே காத்திருக்கும் ஆண்பிள்ளைகள் யாராக இருந்தாலும் அதற்குக் கீழ்ப்படிவார்கள். அச்சுக்காரரின் கையிலிருந்து உப்புத்தாள் விழுந்தது. அந்தக் கை தானாகப் போய்க் குழந்தையின் பிடரிக்கு அடியில் நின்றது. பிளாஸ்டர் கழுத்து எங்கும் தொங்கிவிடாது என்பது இருவருக்கும் ஒரு நொடி கழித்துத்தான் நினைவு வந்தது. ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. நெஞ்சோரமாக அணைத்தபடி நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் லேசாக ஆட்டவும் செய்தார்.

"எடை இருக்கு," என்றார்.

"இருக்கும்."

மெதுவாக மேசைமேல் வைத்தார். குனிந்து உப்புத்தாளை எடுத்துப் பார்த்தார். "இந்த மழையில தாளு நமுத்துப் போச்சு. இதால ஒண்ணும் தேய்க்க முடியாது," என்று சொல்லி அதை மேல் அலமாரியில் போட்டார். அங்கே காய்ந்த தாள் ஒரு கட்டு இருந்தது. வார்டக்கா அதைப் பார்த்தார், சொல்லவில்லை.

சாயங்காலம் அச்சுக்காரர் சிறு கத்தியால் கிளிப்பை மட்டும் செதுக்கி எடுத்தார். கொடி மொட்டையாக நின்றது.

"கிளிப்பு இல்லாத காலத்துல நூல்னு டாக்டரம்மா சொன்னாங்களே. அந்தத் தொழுவத்துல நூலுக்கு எங்க போவாங்க?"

"கட்டியிருக்கிற துணியோட ஓரத்துலேர்ந்து உருவியிருப்பாங்க. வேற வழி?"

"யாரு கட்டியிருப்பா?"

வார்டக்கா யோசித்தார். வார்டில் அந்தக் கேள்வி எழுந்ததில்லை. "பெத்தவளால எழுந்திருக்க முடியாது. கூட இருந்தது அவ புருஷன் ஒருத்தர்தான். சூசையப்பர்தான் கட்டியிருக்கணும்."

"தச்சரு."

"ஆமா. பாவம், கை நடுங்கியிருக்கும்."

"கை நடுங்கினாலும் முடிச்சு அவரு முடிச்சாத்தான் இருக்கும்," என்றார் அச்சுக்காரர். சட்டென்று எழுந்துபோய் ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துவந்தார். "பலகையைக் கட்டாக் கட்டறவன் போடற முடிச்சு ஒண்ணு இருக்கு. இழுக்க இழுக்க இறுகும், தானா அவிழாது." மனைவியின் விரலிலேயே கட்டிக் காட்டினார். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. வார்டக்கா விரலை ஆட்டிப் பார்த்தார்.

"இறுக்கம் சரியா இருக்கு," என்றார். "ரத்தம் நிக்கும்."

வெள்ளிக்கிழமை முழுக்க அச்சுக்காரர் அந்த முடிச்சைத்தான் செய்தார். உண்மையான நூலைப் பிளாஸ்டர் பாலில் நனைத்து, கொடியில் கட்டி, இறுகியதும் ஊசியால் அதன் திரிகளைப் பிரித்துக் காட்டினார். மகள் அதற்கு அழுக்கு வெள்ளையில் வண்ணம் வைத்தாள்.

சனிக்கிழமை மூவரும் வந்தபோது வெயில் தலைகாட்டியிருந்தது. பதினோரு அந்தோணியார்களையும் வாசலில் வெயில் காய நிறுத்தியிருந்தார்கள். உபதேசியார் அவர்களுக்கு நடுவே பார்த்துக் கால் வைத்து உள்ளே வந்தார். வயிற்றைப் பார்த்தார்.

"எடுக்கலையா?"

"எடுக்கல," என்றார் அச்சுக்காரர். "இது என் வேலையும்கூட. தேய்க்க முடியாதுங்க."

வார்டக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் உங்களை அவமரியாதையா பேசலம்மா," என்றார் உபதேசியார். குரல் தாழ்ந்திருந்தது. "அவரு கடவுள். அவரைப் போய் இப்படி, வெட்டிக் கட்டின ஒரு உடம்பா… எனக்கு மனசு கேக்கல. வெளிச்சம் மாதிரி வந்தாருன்னு நினைச்சுத்தான் இத்தனை வருஷம் முழங்கால் போட்டிருக்கேன்."

"அய்யா, வெளிச்சத்துக்குப் பசிக்காது," என்றார் வார்டக்கா. "இவருக்குப் பசிச்சிருக்கு. ஒன்பது மாசம் எதைச் சாப்பிட்டு வளர்ந்தாரு? அந்தப் பொண்ணு சாப்பிட்டதுல பாதி இந்தக் கொடி வழியாத்தான் போச்சு. ரத்தம் அவ குடுத்தது, எலும்பு அவ குடுத்தது. கொடி இல்லன்னு வச்சுக்குங்க, அப்புறம் அவ இவருக்கு யாரு? யாரோ கையில குடுத்துட்டுப் போனதை வச்சிருந்தவ, அவ்வளவுதான். அம்மான்னு சொல்றதுக்கு இதுதான் சாட்சி. இந்த ஒரு அங்குலம்."

ஃபாதர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"படிக்கிறப்ப ஒரு பழைய சண்டையைப் பத்திச் சொல்லிக்குடுத்தாங்க," என்றார். "ஆதிகாலத்துல ஒரு கூட்டம் இருந்துச்சு. குழாய் வழியா தண்ணி போற மாதிரி அவரு மாதா வழியா வந்தாரு, அவங்ககிட்ட இருந்து எதையும் எடுத்துக்கலன்னு சொன்னாங்க. கடவுளுக்கு மரியாதைன்னு நினைச்சுத்தான் சொன்னாங்க. சபை அதை ஏத்துக்கல. அவங்க உடம்புல இருந்துதான் உடம்பு எடுத்தாரு, முழுக் கடவுள், முழு மனுஷன்னு சொல்லிடுச்சு. பரீட்சைக்கு அதை எழுதிப் பாஸும் பண்ணேன்." அவர் வார்டக்காவைப் பார்த்தார். "அப்போ எனக்கு இது கண்ணுல தெரியல. நீங்க வச்சுட்டீங்க."

"அப்போ சபைக்கும் வார்டு விஷயம் தெரிஞ்சிருக்கு," என்றார் வார்டக்கா.

டாக்டரம்மா சத்தமில்லாமல் சிரித்தார். "நான் எத்தனை கொடி வெட்டியிருக்கேன். ஒரு நாளும் இப்படி நினைச்சதில்லம்மா," என்றார்.

உபதேசியார் மேசையருகே வந்தார். வேட்டியில் தூள் ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை. முடிச்சைக் குனிந்து பார்த்தார். விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினார்.

"இது வலிக்குமா?"

"வலிக்காது அய்யா. அதுல உணர்ச்சி கிடையாது."

"வலிக்காதுல்ல," என்று அவர் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். பிறகு விரலை வைத்தார்.

கோயிலுக்குக் கொண்டுபோக ஒரு வண்டி பேசியிருந்தார்கள். வார்டக்கா வேண்டாம் என்றுவிட்டார். வேலைக்குப் போகும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் துணியில் சுற்றி, கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். நல்ல கனம். ஐந்து தெரு. வெயிலும் தூறலும் சேர்ந்து வந்ததால் உபதேசியார் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவர் தோள் ஒன்று நனைந்தது. அச்சுக்காரரும் மகளும் பின்னால் வந்தார்கள்.

"யாரு பிள்ளை வார்டக்கா?" என்று பழக்கடைக்காரி கேட்டாள்.

"மாதா பிள்ளை. நான் தூக்கிட்டுப் போறேன்," என்றார் வார்டக்கா, நிற்காமல்.

மாடத்தில் வைத்த முதல் வாரமே பெண்கள் வந்தார்கள். ஆண்கள் தூர நின்று கும்பிட்டுப் போனார்கள். பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் வயிற்றைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்ததுபோலத் தலையசைத்தார்கள். பிள்ளைத்தாச்சிகள் அந்த முடிச்சை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலைத் தங்கள் வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞானோபதேசப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "தொப்புளைப் பாருங்க. அவரு வெறும் தோற்றமா வரல, ஒரு அம்மாகிட்ட இருந்து வந்தாரு," என்று உபதேசியார் சொல்லத் தொடங்கினார். அவர் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்வதாக மகள் வந்து சொன்னாள். "சொல்லட்டும். நல்லாத்தானே சொல்றாரு," என்றார் வார்டக்கா. மற்ற கோயில்களில் இருந்தும் கேட்டு வந்தார்கள். அச்சுக்காரர் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: "அச்சு என்னது. குழந்தை அவங்களது. அவங்களைக் கேளுங்க."

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை உபதேசியார் பட்டறை வாசலில் மூச்சு வாங்க நின்றார். கையில் மடித்த காகிதம். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. துடைக்கிறவங்க யாரும் கை வைக்கல, சத்தியமா. தொட்டுத் தொட்டுத்தான். இன்னைக்குக் கதவைத் திறக்கறேன், மாடத்துல கீழ கிடக்கு." காகிதத்தைப் பிரித்தார். முடிச்சோடு சேர்ந்து கொடித் துண்டு, விரல்கள் பட்டுக் கறுத்து, சுருங்கிய விதைபோல அதில் இருந்தது. "ஒட்டிடலாமா? அச்சுக்காரரைக் கூப்பிடுங்க. ஃபாதர் வர்றதுக்குள்ள ஒட்டிடலாம்."

அச்சுக்காரர் அதற்குள் பசையைத் தேடிக்கொண்டிருந்தார். வார்டக்கா அவரைக் கையமர்த்திவிட்டுத் துண்டை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"விழுந்த இடம் எப்படி இருக்கு? பிய்ஞ்ச மாதிரி இருக்கா, குழியா இருக்கா?"

உபதேசியார் கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டார். "குழியா, சுத்தமா, வட்டமா இருக்கும்மா. நம்ம எல்லாருக்கும் இருக்கிற மாதிரி."

"அப்போ எதுக்கு ஒட்டணும்?" என்றார் வார்டக்கா. சேலைத் தலைப்பின் ஓரத்தில் அந்தத் துண்டை வைத்து முடிந்துகொண்டார். முகம் நிறைந்திருந்தது. "நல்லாக் காஞ்சு தானா விழுந்திருக்கு. போய் ஃபாதர்கிட்ட சொல்லுங்க, பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்துடுச்சு, இனிமே தாராளமா குளிப்பாட்டலாம்னு."